எபிடியூரலா, ஹிப்னாஸிஸா, பக்கத்தில் ஒரு ஆளா? நீலகிரிப் பெண்கள் பிரசவத்துக்கு முன் யோசிக்க வேண்டியவை

இந்த மாதம் மூன்று பேர் ஏறக்குறைய ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள்.

கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஒரு ஹட்டியிலிருந்து (படுகர் ஊர்) எழுதியவருக்குத் தலைப்பிரசவம், ஏழாம் மாதம். வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை. ஹிப்னாஸிஸ் பழகிப் பிரசவிக்கும் ஹிப்னோபர்த்திங் முறை பற்றிய வீடியோக்களைப் பார்த்துவிட்டு, "வலியே இல்லாமல் பெறலாம் என்கிறார்களே, நிஜமா சிஸ்டர்?" என்று கேட்கிறார். இரண்டாவது, பந்தலூர் பக்கம் எஸ்டேட் லைன் வீட்டில் இருக்கும் ஒரு அம்மா. மகள் பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருக்கிறாள், வலி என்ற சொல்லைக் கேட்டாலே அழுகிறாள். மூன்றாமவர் ஊட்டியில் இருக்கிறார். முதல் குழந்தை ஆபரேஷன். இரண்டாவதையாவது சுகப்பிரசவமாகப் பெற ஆசை. வலி தெரியாமல் இருக்க முதுகில் போடும் எபிடியூரல் ஊசியைப் போடலாமா என்று கேட்டால், முதுகு போய்விடும் என்று மாமியார் பயமுறுத்துகிறாராம்.

இருபத்திரண்டு வருடம் மலையில் பிரசவ வார்டில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தவள் நான். எனக்குத் தெரிந்ததை விரிவாகவே சொல்கிறேன்.

எதை வைத்து அளப்பது

வலியைப் பற்றிக் கேட்டவர்களுக்கு நான் முதலில் ரோட்டைப் பற்றித்தான் சொல்வேன். ஊட்டியிலிருந்து கோவை ஏறக்குறைய 85 கிலோமீட்டர். ஐப்பசி, கார்த்திகை மழையில் குன்னூர்–மேட்டுப்பாளையம் ரோட்டில் மண் சரிந்தால் கோத்தகிரி வழியாகச் சுற்ற வேண்டும். ஆடி மழையில் கூடலூர், பந்தலூர் பக்கம் மரம் விழுந்து ரோடு அடைபடுவது வருடம் தவறாமல் நடக்கிறது. மே மாதம் மலர்க் கண்காட்சி நேரத்தில் மழையே வேண்டாம், வண்டி நெரிசல் போதும். ஆகவே முதல் அளவுகோல்: வலி எடுத்த நேரத்திலிருந்து, ஆபரேஷன் தியேட்டரும் ரத்தமும் இருக்கும் ஆஸ்பத்திரியை நீங்கள் தேர்ந்தெடுக்கும் வழி எவ்வளவு நேரத்தில் கொண்டு சேர்க்கும்?

இரண்டாவது, வலியை உண்மையில் எவ்வளவு குறைக்கிறது. மூன்றாவது, எத்தனை நாள் முன்பிருந்து தயாராக வேண்டும். நான்காவது, ரசீதில் வராத செலவு. ஐந்தாவதைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை: நினைத்தபடி நடக்காமல் திடீரென ஆபரேஷன் என்றானால், இத்தனை நாள் தயாரானது அப்போதும் கைகொடுக்குமா?

ஹிப்னாஸிஸ்: தூக்கமும் இல்லை, வசியமும் இல்லை

ஹிப்னாஸிஸ் என்றதும் மேடையில் ஒருவர் சங்கிலியை ஆட்ட, எதிரில் இருப்பவர் மயங்கி விழுவதுதான் நினைவுக்கு வருகிறது. பிரசவத்துக்குச் சொல்லித்தருவது சுய ஹிப்னாஸிஸ். நீங்களே உங்கள் கவனத்தை ஒரு இடத்தில் குவிக்கப் பழகுகிறீர்கள். காது கேட்கும், பேசலாம், வேண்டும்போது எழுந்து நடக்கலாம்.

இதன் அடிப்படை பழையது. 1930-களில் கிரான்ட்லி டிக்-ரீட் என்ற ஆங்கிலேய மகப்பேறு மருத்துவர், பயம் உடம்பை இறுக்குகிறது, இறுக்கம் வலியைக் கூட்டுகிறது, கூடிய வலி மறுபடியும் பயத்தை வளர்க்கிறது என்று எழுதினார். அதற்கும் முன்னால், 1845-ல் வங்காளத்தின் ஹூக்ளியில் ஜேம்ஸ் எஸ்டெய்ல் என்ற மருத்துவர் ஹிப்னாஸிஸுக்கு முன்னோடியான மெஸ்மரிசத்தை வைத்தே அறுவை சிகிச்சை செய்தார். இரண்டே வருடத்தில் குளோரோஃபார்ம் என்ற மயக்க மருந்து வந்தது, மெஸ்மரிசம் பின்னுக்குப் போய்விட்டது. மருந்தா மனசா என்ற கேள்வி நம் நாட்டிலேயே அவ்வளவு காலமாக இருக்கிறது. இன்று ஹிப்னோபர்த்திங் என்று சொல்லப்படும் பயிற்சி, 1989-ல் அமெரிக்காவில் மேரி மோங்கன் வகுத்தது.

பயிற்சியில் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. மூச்சை நாலு எண்ணி இழுத்து, எட்டு எண்ணி விடுவது. நெற்றியில் தொடங்கிப் பாதம்வரை ஒவ்வொரு பகுதியாகத் தளர்த்துவது. மனசுக்குப் பிடித்த ஓர் இடத்தை முழுசாகக் கண்முன் கொண்டுவருவது. துணைக்கு வருபவர் தோளில் கை வைத்ததும் உடம்பு தானாகத் தளரும்படி திரும்பத் திரும்பப் பழகுவது. 28 அல்லது 30-ம் வாரத்தில் தொடங்கி, தினம் இருபது நிமிடம்.

இதில் ஒரு பயிற்சி மலைக்காரர்களுக்குச் சட்டென்று பிடிபடும். ஜனவரி உறைபனியில், விடிகாலையில் வாசல் குழாயைத் திறந்து கையை நீட்டினால் என்ன ஆகும்? முதலில் சுரீரென்று இருக்கும். அப்புறம் விரல் நுனி மரக்கும். மரப்பு மெல்ல மணிக்கட்டுவரை ஏறும். கை நம்முடையது இல்லை என்பது போல் ஆகிவிடும். கண்ணை மூடி அந்த மரப்பை நினைவில் கொண்டுவாருங்கள். வந்ததும் கையை அடிவயிற்றில் வைத்து, மரப்பு அங்கே இறங்குவதாக நினையுங்கள். உறைபனியையே பார்க்காதவர்களுக்கு இதை விளக்க நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. ஊட்டிப் பெண்களுக்கு ஒரு வார்த்தை போதும்.

சரி, வலி குறையுமா? மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடும் காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு 2016-ல் 9 ஆய்வுகளை, 2,954 பெண்களின் அனுபவத்தைச் சேர்த்துப் பார்த்தது. ஹிப்னாஸிஸ் பழகியவர்கள் மொத்தத்தில் வலி மருந்தைக் கொஞ்சம் குறைவாகக் கேட்டிருக்கிறார்கள். எபிடியூரல் கேட்டவர்களின் எண்ணிக்கையிலும் சுகப்பிரசவங்களின் எண்ணிக்கையிலும் தெளிவான வித்தியாசம் இல்லை. டென்மார்க்கில் தலைப்பிரசவப் பெண்கள் 1,222 பேரை வைத்து நடந்த ஆய்வில், பழகியவர்களிலும் பழகாதவர்களிலும் பத்துக்கு மூன்று பேர் எபிடியூரல் போட்டுக்கொண்டார்கள். ஆனால் 680 பெண்களை வைத்து பிரிட்டனில் நடந்த ஆய்வில், வலி மருந்தில் மாற்றம் இல்லாவிட்டாலும், பிரசவத்துக்குப் பிறகு கேட்டபோது பழகியவர்களின் பயமும் பதற்றமும் அவர்கள் முன்பு எதிர்பார்த்ததைவிடக் குறைந்திருந்தன.

அதனால் கோத்தகிரித் தங்கைக்கு என் பதில்: வலியே இருக்காது என்று யாராவது உறுதி சொன்னால் நம்ப வேண்டாம். பயத்தைக் குறைக்கும் என்பதை நம்பலாம், அதுவே பெரிய விஷயம். பயந்த பெண்ணின் தோள் காது வரைக்கும் ஏறியிருப்பதை, தாடை இறுகியிருப்பதை வருடக்கணக்காகப் பார்த்தவள் நான். அந்தத் தாடை தளர்ந்தாலே வார்டில் பாதி சத்தம் அடங்கிவிடும்.

இனி, சொல்லாமல் விடுகிற செலவுகள். ஆன்லைன் வகுப்புகளும் ஆடியோக்களும் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கின்றன. கடற்கரையில் படுத்திருப்பதாக நினைத்துக்கொள் என்கின்றன. கடலை இரண்டு முறை பார்த்த பெண்ணுக்கு அதில் என்ன நிம்மதி? உங்கள் இடம் சோலை ஓரமாக இருக்கலாம், தகரக் கூரையில் விழும் மழைச் சத்தமாக இருக்கலாம். அதை உங்கள் பேச்சில், உங்களுக்குப் பிரியமானவர் குரலில் போனில் பதிவு செய்யுங்கள். காசு கிடையாது. சிக்னல் இல்லாத இடத்திலும் ஓடும்.

அடுத்தது ஆபத்தான செலவு. நன்றாகப் பழகிய பெண் அமைதியாக இருப்பாள். அவளைப் பார்த்து வீட்டில் எல்லோரும், ஏன் வார்டில் நாங்களும்கூட, இன்னும் நேரம் இருக்கிறது என்று எண்ணிவிடுவோம். டவுனில் இதைச் சமாளிக்கலாம். கொண்டை ஊசி வளைவில் சமாளிக்க முடியாது. ஆகவே அமைதியை வைத்து நேரத்தைக் கணக்கிடாதீர்கள், கடிகாரத்தை வைத்துக் கணக்கிடுங்கள். ரத்தப்போக்கு, பச்சை நிறத்தில் பனிக்குட நீர், கண் மங்கும் தலைவலி, குழந்தை அசைவு குறைவது, இவை எதையும் மூச்சை இழுத்துவிட்டுக் கடக்கப் பார்க்கக் கூடாது. உடனே 108.

மனநலப் பிரச்சினைக்கு, குறிப்பாக இல்லாத குரல் கேட்பது போன்றவற்றுக்கு, சிகிச்சையில் இருப்பவர்கள் தங்கள் மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்க வேண்டாம்.

ஐந்தாவது அளவுகோலில் ஹிப்னாஸிஸ் நன்றாகவே தேறுகிறது. ஆபரேஷன் தியேட்டரின் குளிரில், முதுகில் ஊசி போடக் குனிந்து உட்காரும் நேரத்தில், அதே மூச்சு அங்கேயும் கைகொடுக்கும். ஆனால் மருந்து கேட்டால் தோற்றுவிட்டேன் என்று நினைக்கும்படி சில வகுப்புகள் பழக்கிவிடுகின்றன. அப்படி ஒரு வார்த்தை காதில் விழுந்தால் அந்த வகுப்பைவிட்டு வந்துவிடுங்கள்.

பக்கத்தில் ஒரு ஆள்

இதற்கு யாரும் விளம்பரம் செய்வதில்லை, ஆனால் ஆதாரம் இதற்குத்தான் அதிகம். 17 நாடுகளில், 15,858 பெண்களிடம் நடந்த ஆய்வுகளை 2017-ல் தொகுத்துப் பார்த்தார்கள். பிரசவம் முழுக்க ஒருவர் கூடவே இருந்தால் சுகப்பிரசவம் கூடுகிறது, ஆபரேஷன் குறைகிறது, வலி மருந்தின் தேவை குறைகிறது, பிரசவ நேரமும் கொஞ்சம் சுருங்குகிறது. 2018-ல் உலக சுகாதார நிறுவனம் தந்த பரிந்துரைகளில், பெண் தானே தேர்ந்தெடுத்த துணை ஒருவர் கூட இருக்க வேண்டும் என்பது தெளிவாக இருக்கிறது.

என் முதல் பிரசவத்தில் என் அம்மா பதினொரு மணி நேரம் கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நான் உள்ளே சுவரைப் பார்த்துக்கொண்டு தனியாகக் கிடந்தேன். கருப்பை வாய் எத்தனை விரல் திறந்திருக்கிறது என்றுகூட யாரும் சொல்லவில்லை. வலியைவிட அந்தத் தனிமைதான் இன்றைக்கும் நினைவில் இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த பிறகு, என் ஷிஃப்டில் எந்தப் பெண்ணையும் தனியாக விட்டதில்லை.

இப்போது நிலைமை மாறியிருக்கிறது. அரசு ஆஸ்பத்திரிகளில் பிரசவத் துணையை அனுமதிக்கலாம் என்று 2016 பிப்ரவரியில் மத்திய சுகாதார அமைச்சகம் வழிகாட்டியது. பொதுவாக, பிரசவ அனுபவமுள்ள ஒரு பெண் உறவினர். தனித்தனித் தடுப்பு இருக்கும் இடங்களில் கணவரும் வரலாம். தொற்று நோய் இருக்கக் கூடாது, சுத்தமான உடை வேண்டும், கடைசிவரை கூட இருக்க வேண்டும், மருத்துவ வேலையில் தலையிடக் கூடாது. இவ்வளவுதான் நிபந்தனை.

யாரை அழைத்துப் போவது என்பதில்தான் வீட்டில் சண்டை வரும். உறவு முறையைப் பார்க்காதீர்கள், குணத்தைப் பாருங்கள். "எனக்கெல்லாம் ரெண்டு நாள் வலி, செத்துப் பிழைச்சேன்" என்று கதை சொல்பவர் எவ்வளவு நெருங்கிய உறவாக இருந்தாலும் வெளியே உட்காரட்டும்.

ஒரு இரவு நினைவுக்கு வருகிறது. தேயிலைக் கொழுந்து எடுக்கும் பெண், கருப்பை வாய் ஆறு சென்டிமீட்டர் திறந்திருந்தது, மூச்சை எண்ணச் சொன்னால் எண்ணிக்கை நிற்கவில்லை. கூட வந்த அக்காவும் அதே எஸ்டேட். அக்கா அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "கண்ணு, நிரை நம்மளோடது, எடு" என்றாள். நிரை என்றால் தேயிலைச் செடிகளின் வரிசை. வலி எழும்போது விரல்கள் கொழுந்து கிள்ளுவதுபோல் அசைய, மூச்சு உள்ளே. கைப்பிடி நிறைந்ததும் தோளுக்குப் பின்னால் பையில் போடுவதுபோல் கையைத் தூக்கி, நீளமாக மூச்சு வெளியே. நான் எந்த வகுப்பிலும் படிக்காத பயிற்சி. மூன்று மணி நேரம் இருவரும் ஒரு நிரையை எடுத்து முடித்தார்கள். ஹிப்னாஸிஸ் என்ற சொல்லே அந்த அறையில் யாருக்கும் தெரியாது. நடந்தது அதுதான்.

செலவு என்று பார்த்தால் துணைக்கு வருபவரின் கூலி நாள்கள், அவர் வீட்டில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள். இதை முன்கூட்டியே பேசிவையுங்கள். இன்னொன்று, சில ஆஸ்பத்திரிகளில் விதி இருந்தும் நெரிசல் நேரத்தில் உள்ளே விடமாட்டார்கள். 36-ம் வாரத்துச் செக்கப்பிலேயே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

எபிடியூரல்

வலியைக் குறைப்பதில் இதற்கு இணை இல்லை. முதுகெலும்பை ஒட்டி மெல்லிய குழாய் வைத்து மருந்து செலுத்துகிறார்கள். நினைவு தெளிவாக இருக்கும், இடுப்புக்குக் கீழ் வலி மங்கும். இதனால் ஆபரேஷன் அதிகமாகிறது என்று பலர் நம்புகிறார்கள். 40 ஆய்வுகளைச் சேர்த்து 2018-ல் பார்த்தபோது அப்படித் தெரியவில்லை. நாள்பட்ட முதுகுவலியும் இதனால் வருவதாகத் தெரியவில்லை, ஊட்டி மாமியாரிடம் சொல்லுங்கள். குழந்தை பெற்ற பிறகு குனிந்து நிமிர்ந்து தூக்குவதில் முதுகு வலிப்பது ஊசி போடாதவர்களுக்கும் உண்டு.

உண்மையான பக்க விளைவுகள் வேறு. ரத்த அழுத்தம் இறங்கலாம். கால் கனக்கும், எழுந்து நடப்பது கஷ்டம். சிறுநீருக்குக் குழாய் வைக்க நேரலாம். காய்ச்சல் வரலாம். முக்கும் கட்டம் நீளலாம். நூற்றில் ஒருவருக்கு ஊசி கொஞ்சம் ஆழமாகப் போய், நிமிர்ந்து உட்கார்ந்தால் கடும் தலைவலி சில நாள் இருக்கும், அதற்கும் சிகிச்சை உண்டு. ரத்தத் தட்டணுக்கள் குறைவாக இருப்பவர்களுக்கும் ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்களுக்கும் பெரும்பாலும் போட மாட்டார்கள்.

மலையில் சிக்கல் மருந்தில் இல்லை, ஆளில். மயக்க மருத்துவர் இரவும் பகலும் பிரசவ வார்டுக்கென்று இருக்க வேண்டும். ஆபரேஷனுக்குக் கூப்பிட்டால் வருவார் என்பதும், வலிக்கென்று கேட்டால் உடனே வருவார் என்பதும் ஒன்றல்ல. பதிவு செய்யும்போது, "எபிடியூரல் போடுவீர்களா?" என்று மட்டும் கேட்காதீர்கள். "ஞாயிறு ராத்திரி ரெண்டு மணிக்குப் போடுவீர்களா?" என்று கேளுங்கள்.

இல்லையென்றால் கோவைதான். அப்படியானால் 37-ம் வாரத்திலேயே இறங்கிவிட வேண்டும். உண்மையான செலவு அங்கேதான் ஆரம்பிக்கிறது: மூன்று நாலு வாரத்துக்கு வாடகை அறை அல்லது உறவினர் வீட்டில் சங்கடமான தங்கல், கணவரின் லீவு, ஊட்டிக் குளிரில் வளர்ந்த உடம்புக்குக் கோவை வெயில், கடைசி நேரத்தில் மாறும் டாக்டர். பேக்கேஜ் கட்டணத்தில் மயக்க மருத்துவர் ஃபீஸ் சேர்ந்திருக்கிறதா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

சாதாரண வலி ஊசி

பெத்திடின், டிரமடால் போன்றவை. பல இடங்களில் கிடைக்கும், விலை குறைவு. வலியை ஓரளவு மங்கச் செய்யும், அதோடு தூக்கக் கலக்கமும் குமட்டலும் தரும். பிரசவம் நெருங்கிய நேரத்தில் போட்டால் குழந்தை சோர்வாகப் பிறக்கலாம், மூச்சு மந்தமாக இருக்கலாம். இரவெல்லாம் தூங்காமல் களைத்துப்போன தலைப்பிரசவப் பெண்ணுக்கு இரண்டு மணி நேர ஓய்வு வாங்கித்தர நல்லது. அதற்கு மேல் இதில் எதிர்பார்க்க வேண்டாம்.

பட்டியலில் சேர்க்காதது

வீட்டுப் பிரசவத்தை இந்த ஒப்பீட்டில் நான் சேர்க்கவில்லை. 2018 ஜூலையில் திருப்பூரில், யூடியூப் பார்த்து வீட்டில் பிரசவம் பார்த்ததில் ஒரு இளம் தாய் ரத்தப்போக்கில் இறந்துபோனார். குழந்தை பிறந்தபின் பெருகும் ரத்தம் நிமிடக் கணக்கில் ஓர் உயிரைக் கொண்டுபோகும். மனப்பயிற்சிக்கு அதை நிறுத்தும் சக்தி கிடையாது.

மூன்று பேருக்கும்

கோத்தகிரித் தங்கைக்கு: உங்களுக்கு நேரம் இருக்கிறது, கர்ப்பத்தில் சிக்கல் எதுவும் இல்லை என்கிறீர்கள். இன்றே ஹிப்னாஸிஸ் பயிற்சியைத் தொடங்குங்கள், காசு கொடுத்து வகுப்பில் சேர வேண்டியதில்லை. துணைக்கு வருபவரும் தினம் பக்கத்தில் உட்கார்ந்து பழக வேண்டும், அவர் கைதான் அன்றைக்குத் தோளில் இருக்கப்போகிறது. பக்கத்து ஆஸ்பத்திரியில் பதிவு செய்யுங்கள். எபிடியூரல் இருந்தால் அதுவும் கையிருப்பில் இருக்கட்டும், கேட்க நேர்ந்தால் தயங்காமல் கேளுங்கள். சீரகத் தண்ணீர் குடித்துப் பார்த்தும் அடங்காமல் வலி ஒழுங்காக வர ஆரம்பித்தால், ஐந்து நிமிடத்துக்கு ஒன்று என்ற டவுன் கணக்குக்குக் காத்திருக்காமல், பத்து நிமிடத்துக்கு ஒன்று வரும்போதே கிளம்பிவிடுங்கள்.

பந்தலூர் அம்மாவுக்கு: மகளுக்குத் தேவை நீங்கள்தான். வகுப்பும் வேண்டாம், ஆடியோவும் வேண்டாம். இரவில் அவள் தலையைக் கோதிக்கொண்டே நெற்றி, தாடை, தோள் என்று ஒவ்வொன்றாகத் தளர்த்தச் சொல்லிப் பழக்குங்கள். உங்கள் சொந்தப் பிரசவக் கதையைக் குழந்தை பிறந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம். ரோடு அடைபடும் மாதமாக இருப்பதால், தேதிக்கு ஒரு வாரம் முன்பே ஆஸ்பத்திரிக்கு அருகில் வந்துவிடுங்கள். மலைப்பகுதி ஆரம்ப சுகாதார நிலையங்கள் சிலவற்றில் பிரசவத்துக்குக் காத்திருக்கவே அறை இருக்கிறது, கிராம சுகாதார செவிலியரிடம் விசாரியுங்கள். உங்கள் குடும்பத்தில் யாருக்காவது அரிவாள் செல் ரத்தசோகை என்ற பரம்பரை ரத்த நோய் இருந்தால் மகளுக்கும் பரிசோதித்துவிடுங்கள். இருப்பது தெரிந்தால், பெரிய ஆஸ்பத்திரியைத் தவிர வேறு யோசனையே வேண்டாம்.

ஊட்டிக்காரருக்கு: முன்பு ஆபரேஷன் ஆன கருப்பை, இந்த முறை வலி எடுத்துப் பெறும்போது ஏறக்குறைய இருநூறில் ஒருவருக்குத் தையல் இடத்தில் பிரிகிறது. அதனால் தியேட்டர், ரத்த வங்கி, மயக்க மருத்துவர் மூன்றும் ஒரே கட்டடத்தில் இருபத்துநாலு மணி நேரமும் இருக்கும் இடத்தில் மட்டுமே முயலுங்கள். முன்பு போட்ட தையல் எந்த வகை என்று அந்த டிஸ்சார்ஜ் சீட்டைப் பார்த்து டாக்டர் சொல்ல வேண்டும், தேடி எடுத்துவையுங்கள். எபிடியூரலுக்குத் தடை இல்லை. மூச்சுப் பயிற்சிக்கும் தடை இல்லை, ஒரே ஒரு நிபந்தனையோடு: ஒரு வலிக்கும் அடுத்த வலிக்கும் நடுவில், உடம்பு தளர வேண்டிய நேரத்திலும் பழைய தழும்பு விடாமல் வலித்தால், கண்ணைத் திறந்து சிஸ்டரைக் கூப்பிடுங்கள்.